ஒரு றாத்தல் பாண்: ஒரு சொல்லின் வேரைத் தேடிப் போவது எப்படி?

மட்டக்களப்பின் கல்லடியில் காலை ஆறரை மணி போல ஒரு ஓட்டோ வரும். பின்னால் கண்ணாடிப் பெட்டி; உள்ளே பாண் (பிரெட்), பணிஸ், மீன் வைத்த மாலு பாண். பீத்தோவன் 1810இல் எழுதிய ஒரு பியானோ மெட்டு அதன் சின்ன ஒலிபெருக்கியில் திரும்பத் திரும்பக் கேட்கும். அந்த மெட்டுக் காதில் விழுந்ததும் எங்கள் தெருவில் படலைகள் திறக்கும். சிங்களத்தில் இந்த வண்டிப் பாணுக்கு ‘சூன் பான்’ என்று பெயர். ‘டியூன்’தான் அங்கே ‘சூன்’ ஆகியிருக்கிறது.

எனது தமிழ் வகுப்பில் ஒரு சனிக்கிழமை ஒரு மாணவி கேட்டாள்: “சேர், சிறுபாணாற்றுப்படையில வாற பாணும் நாம தின்னுற பாணும் ஒண்டா?” வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாட்டோடு வருகிற பாண் ஒன்று, பாட்டு என்றே பொருள்படுகிற பாண் ஒன்று. இரண்டும் ஒரே எழுத்து, ஒரே ஒலி. கேட்க வேண்டிய கேள்விதான் அது. அதற்குப் பதில் தேட நாங்கள் நான்கு சனிக்கிழமைகள் எடுத்துக்கொண்டோம். அந்தத் தேடலின் படிகளைத்தான் இங்கே எழுதுகிறேன். உதாரணம் முழுக்கப் பாண். ஆனால் வீட்டில் புழங்கும் எந்தச் சொல்லையும் இதே வழியில் பின்தொடரலாம்.

முதற்படி: சொல்லை ஊரில் வைத்தே பிடியுங்கள்

அகராதிக்கு ஓடாதீர்கள். முதலில் ஒரு கொப்பியும் பேனையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். சொல்லை யார் சொல்கிறார்கள், எதோடு சேர்த்துச் சொல்கிறார்கள், எப்படி ஒலிக்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள்.

நாங்கள் காத்தான்குடிப் பக்கம் ஒரு பழைய பேக்கரிக்குப் போனோம். விறகு போட்டு எரிக்கும் செங்கல் போறணை இன்னும் அங்கே இருக்கிறது. தணலை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு, நீண்ட பிடி போட்ட பலகையால் மா உருண்டைகளை உள்ளே தள்ளுவார்கள். வாய்ப்பக்கத்தில் நின்றால் முகம் சுடும். அங்கே வேலை செய்கிற பெரியவர் எங்கள் பையன் ஒருவனைப் பார்த்து, “றாத்தல் எண்டா நானூற்றைம்பது கிராம் மனே, அதுக்குக் குறைஞ்சா குற்றம்” என்றார். அரைமணி நேரத்தில் கொப்பியில் ஏறிய சொற்கள்: பாண், றாத்தல், அரை றாத்தல், றோஸ் பாண், பணிஸ், மாலு பாண், போறணை, பேக்கரி. வரும் வழியில் பெயர்ப்பலகை ஒன்றில் பார்த்த ‘வெதுப்பகம்’ என்ற சொல்லையும் சேர்த்துக்கொண்டோம்.

சொல்லைத் தனியாக எழுதாமல் அதன் சுற்றத்தோடு எழுதுவதில் பெரிய பயன் இருக்கிறது. ஒரே கப்பலில் வந்த சொற்கள் ஒரே கடையில்தான் இருக்கும். போறணையை எடுத்துக்கொள்ளுங்கள். போர்த்துக்கேயத்தில் அடுப்புச் சூளைக்கு ‘ஃபோர்னோ’. சிங்களத்தில் ‘போறணுவ’. பாணைச் சுடும் அடுப்பே போர்த்துக்கேயப் பெயரோடு நிற்கும்போது, உள்ளே வேகிற பொருளின் பெயரையும் அந்தப் பக்கம் தேட வேண்டும் என்று தோன்றுகிறதல்லவா? அது முதல் தடயம்.

இரண்டாவது தடயம் தமிழ்நாட்டிலிருந்து கிடைக்கும். அங்கே பாணுக்கு ‘பிரெட்’ அல்லது ‘ரொட்டி’ என்பார்கள். என் நண்பர் ஒருவர் சென்னைக்குப் போன புதிதில் பெட்டிக்கடையில் “பாண் இருக்கா?” என்று கேட்டிருக்கிறார். கடைக்காரர் வெற்றிலையை எடுத்து நீட்டினாராம். இலங்கைத் தமிழில் இருக்கிற, ஆனால் தமிழ்நாட்டுத் தமிழில் இல்லாத சொல் என்றால், அது கடல் வழியாகவோ சிங்களத்தின் வழியாகவோ வந்திருக்கலாம் என்று சந்தேகப்படலாம். சந்தேகம் மட்டும்தான். ஏனென்றால் மறுபக்கமும் நடக்கும். மட்டக்களப்பில் நாம் ‘பிறகு வருகிறேன்’ என்பதை ‘மறுகா வாறன்’ என்கிறோம். இந்த ‘மறுகா’ வெளியாள் கொண்டுவந்ததல்ல. ‘மறுகால்’ என்ற நல்ல தமிழ்ச் சொல், மற்ற இடங்களில் வழக்கொழிந்து நம்மிடம் தங்கியது. ஆகவே ஊர்ச்சொல் என்றாலே பிறமொழி என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

இரண்டாம் படி: முகம் ஒத்தவர்களைப் பிரித்து வையுங்கள்

சொல்லாராய்ச்சியில் ஆட்கள் விழுகிற பெரிய குழி இதுதான். ஒலி ஒத்திருந்தால் உறவு என்று நினைப்பது. சந்தையில் உங்களைப் போல முகமுள்ள ஒருவரைக் கண்டால் அவர் உங்கள் மாமா மகனாகிவிட மாட்டார். சொல்லும் அப்படியே.

பாண் என்ற ஒலிக்கு அருகில் நிற்கும் சொற்களை வரிசையாக எழுதிப் பார்த்தோம். வெற்றிலையைக் குறிக்கும் ‘பான்’ இந்தியிலிருந்து வந்தது. அதன் வேர் இலை என்று பொருள்படும் ‘பர்ண’ என்ற சமஸ்கிருதச் சொல். குடிப்பதற்குரிய ‘பானம்’ வேறொரு சமஸ்கிருத வேர். அம்பைக் குறிக்கும் ‘பாணம்’ இன்னொன்று. தயிரில் ஊற்றிச் சாப்பிடுகிறோமே, அந்தப் ‘பாணி’ வேறு. இவை எதற்கும் சுட்ட மாவோடு தொடர்பு இல்லை.

மிச்சம் இருப்பது பாட்டு என்ற பொருளுள்ள பாண். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் மாணவியின் கேள்வி இதைப் பற்றியது. அதோடு இந்தச் சொல் நம் மண்ணுக்கு மிக நெருக்கமானது. பாடு, பண், பாண், பாணன் எல்லாம் ஒரே குடும்பம். யாழை ஏந்தி ஊர் ஊராகப் போய்ப் பாடியவர்கள் பாணர். பரிசு பெற்ற பாணன் ஒருவன் வழியில் எதிர்ப்பட்ட இன்னொரு பாணனை வள்ளலிடம் போகச் சொல்லி வழிப்படுத்துவதுதான் பாணாற்றுப்படை. சிறிய யாழ் வைத்திருந்தால் சிறுபாணன், பெரிய யாழ் வைத்திருந்தால் பெரும்பாணன். அந்த யாழ்கள் வழக்கொழிந்து பல நூறு ஆண்டுகள் ஆன பிறகு, அவை எப்படி இருந்தன, எப்படி ஒலித்தன என்று கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க உட்கார்ந்தவர் யார்? காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர். அவருடைய ‘யாழ் நூல்’ 1947இல் வெளிவந்தது. அதே ஆண்டில் அவர் மறைந்தார். பாணரின் யாழைப் பற்றிய கடந்த நூற்றாண்டின் பெரிய ஆராய்ச்சி அம்பாறை மாவட்டத்துக்காரர் ஒருவர் செய்தது என்று சொன்னபோது வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது.

சரி, அந்தப் பாணுக்கும் தட்டில் இருக்கிற பாணுக்கும் உறவு உண்டா? இரண்டு கேள்வி கேட்டுப் பாருங்கள். பாட்டு என்ற பொருள் உணவு என்ற பொருளாக மாறியதற்கு நடுவில் ஏதாவது படி இருக்கிறதா? பழைய நூல்களில் எங்காவது பாண் என்பது தின்னும் பொருளாக வருகிறதா? இரண்டுக்கும் பதில் ‘இல்லை’ என்பதே. சங்கப் பாடல்களில் சோறு இருக்கிறது, கூழ் இருக்கிறது, மோதகம் இருக்கிறது, அடை இருக்கிறது. புளிக்கவைத்துச் சுட்ட கோதுமை மா இல்லை. ஓட்டோவில் பாட்டுப் போடுவது நம் காலத்து வியாபார உத்தி. ஆகவே இரண்டும் தற்செயலாக ஒரே சட்டை போட்ட இரண்டு சொற்கள். அகராதிகளில் இப்படிப்பட்டவற்றைத் தனித்தனித் தலைச்சொல்லாக எண் போட்டுக் காட்டுவார்கள்.

மூன்றாம் படி: அகராதியைக் கேளுங்கள், ஆனால் அது எங்கிருந்து பேசுகிறது என்று பாருங்கள்

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை தொகுதி தொகுதியாக வந்தது. 1939இல் ஒரு பின்னிணைப்பும் வந்தது. இன்று சிக்காகோ பல்கலைக்கழகத்தின் தளத்தில் இலவசமாகத் தேடலாம். ஒவ்வொரு பிறமொழிச் சொல்லின் பக்கத்திலும் மூலமொழியைச் சுருக்கக் குறியால் காட்டியிருப்பார்கள். யாழ்ப்பாண வழக்குக்கும் ஒரு குறி உண்டு. மட்டக்களப்புக்கு அப்படியொரு குறி இல்லை. ஆகவே நம் ஊர்ச்சொல் அதில் கிடைக்காவிட்டால் சொல்லே இல்லை என்று நினைக்க வேண்டாம். அங்கே உட்கார்ந்து தொகுத்தவர்கள் காதுக்கு அது எட்டவில்லை, அவ்வளவுதான்.

திராவிட மொழிகளுக்குள் உறவு தேட, மொழியியலாளர்கள் பரோவும் எமனோவும் 1961இல் வெளியிட்டு 1984இல் திருத்திய சொற்பிறப்பியல் அகராதி இருக்கிறது. அதுவும் அதே தளத்தில் உண்டு. பாடு, பண், பாண் உறவை உறுதிசெய்ய அதுவே போதும்.

போர்த்துக்கேயப் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு நல்ல துணை கோவாவில் பிறந்த டல்காடோ. ஆசிய மொழிகளில் கலந்த போர்த்துக்கேயச் சொற்களையெல்லாம் திரட்டி 1913இல் நூலாக்கினார். 1936இல் அதற்கு ஆங்கில மொழிபெயர்ப்பு வந்தது. ஒரு சொல்லை எடுத்தால் அது கொங்கணியில் எப்படி, சிங்களத்தில் எப்படி, தமிழில் எப்படி, மலாயில் எப்படி என்று ஒரே இடத்தில் பார்க்கலாம். எனக்கு மிகவும் பிடித்த நூல்களில் அது ஒன்று.

நான்காம் படி: ஒலி ஒழுங்கைச் சோதியுங்கள்

போர்த்துக்கேயத்தில் பாணுக்கு எழுதும் சொல்லை அவர்கள் வாயால் கேட்டால் ‘பௌங்’ போல இருக்கும். கடைசியில் வருவது தனி எழுத்தல்ல, மூக்கால் இழுக்கும் ஓசை. இது எப்படிப் ‘பாண்’ ஆகும் என்று கேட்பீர்கள். ஒரு சொல்லை வைத்துக்கொண்டு பதில் சொல்ல முடியாது. அதே மாதிரி முடிகிற வேறு சொற்கள் தமிழுக்கு வந்தபோது என்ன ஆயின என்று பார்க்க வேண்டும்.

‘பொட்டௌங்’ பொத்தான் ஆனது. கப்பல் தலைவனைக் குறிக்கும் ‘கப்பிட்டௌங்’ கப்பித்தான் ஆனது. பொருளைக் கூவி விற்பதற்கு அவர்கள் சொன்ன ‘லெய்லௌங்’ நமக்கு ஏலம் ஆனது. மூக்கோசை நம் வாயில் ஒவ்வொரு முறையும் ஒரு மெல்லின எழுத்தாகக் கெட்டியாகிறது. அப்படியானால் ‘பௌங்’ பாண் ஆனதில் வியப்பு இல்லை. சிங்களத்தில் அது ‘பான்’ ஆனதும் அதே போக்கு. மற்றச் சொற்கள் நடந்த பாதையில் உங்கள் சொல்லும் நடந்திருந்தால் அது ஆதாரம். உங்கள் சொல்லுக்கு மட்டும் புதுப்பாதை வெட்ட வேண்டியிருந்தால் எங்கேயோ பிழை.

ஐந்தாம் படி: கொண்டுவந்த ஆளைக் கண்டுபிடியுங்கள்

சொல் தானாக நடந்து வராது. யாரோ ஒருவர் வாயில் வைத்துக்கொண்டு வர வேண்டும். போர்த்துக்கேயர் இலங்கைக்கு வந்தது 1505இல். மட்டக்களப்பு நகரின் புளியந்தீவில் அவர்கள் கோட்டை கட்டியது 1628இல். பத்தே ஆண்டில், 1638இல், கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனோடு சேர்ந்து வந்த ஒல்லாந்தர் அதைப் பிடித்துவிட்டார்கள். பிறகு ஆங்கிலேயர்.

இங்கே ஒரு நல்ல சோதனை இருக்கிறது. ஒல்லாந்தர் மொழியில் பாணுக்கு ‘புரோட்’. ஆங்கிலத்தில் ‘பிரெட்’. மூன்று பேரும் அடுத்தடுத்து ஆண்டார்கள், மூன்று பேரும் பாண் தின்றார்கள். ஒல்லாந்தர் கொண்டுவந்திருந்தால் நாம் இன்றைக்குக் கடையில் ‘ஒரு றாத்தல் புரோட்டு’ கேட்டுக்கொண்டிருப்போம். பொருளை முதலில் அறிமுகப்படுத்தியவர் வைத்த பெயர்தான் பெரும்பாலும் நிலைக்கும். ஒல்லாந்தர் புதிதாகக் கொண்டுவந்தவற்றுக்கு அவர்கள் சொல் நின்றது, அலுவலகத்தைக் குறிக்கும் ‘கந்தோர்’ அப்படித்தான்.

அப்புறம், போர்த்துக்கேய மொழி ஆட்சியோடு போய்விடவில்லை. மட்டக்களப்பில் ஐரோப்பியர் வழிவந்த பறங்கியர் குடும்பங்கள் சிலவற்றில் போர்த்துக்கேயக் கிரியோல் என்ற கலப்புமொழி இன்னும் வீட்டுமொழி. நானூறு ஆண்டுகளாகத் தமிழோடு உரசி உரசி, தமிழின் வாக்கிய அமைப்பையே எடுத்துக்கொண்ட மொழி அது. வினைச்சொல் கடைசியில் வரும். லிஸ்பன் பல்கலைக்கழகத்தின் மொழியியலாளர் ஊகோ கார்டோசோ மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் வந்து அதைப் பதிவுசெய்திருக்கிறார். தச்சு வேலை, இரும்பு வேலை, கல்யாண வீட்டு வயலின் என்று ஊரோடு ஒன்றாக வாழ்ந்த அந்த மனிதர்கள் அக்கம்பக்கத்தில் இருந்ததால்தான் இத்தனை போர்த்துக்கேயச் சொற்கள் நம் குசினிவரைக்கும் வந்தன என்பது என் எண்ணம். சமையலறையைக் குறிக்கும் ‘குசினி’யும் அவர்களுடையதே. நாம் அவர்களைக் கூப்பிடும் ‘பறங்கி’ என்ற சொல்லோ ஐரோப்பாவின் ‘ஃபிராங்க்’ இனத்தின் பெயர். அரபு, பாரசீகம் வழியாக இந்தியாவுக்கு வந்து ‘பறங்கி’ ஆனது. தாய்லாந்தில் அதே சொல் ‘ஃபராங்’ என்று வெள்ளைக்காரர் எல்லாரையும் குறிக்கிறது.

ஆறாம் படி: மற்றக் கரைகளில் அதே சொல்லைத் தேடுங்கள்

இதுதான் மாணவர்கள் விடாமல் கேட்டுக்கொண்டிருந்த பகுதி. ஒரு உலகப் படத்தை விரித்து, போர்த்துக்கேயக் கப்பல் போன வழியே விரலை வையுங்கள்.

கோவாவில் ‘பாவ்’. மும்பையின் வடா பாவ், பாவ் பாஜி இரண்டிலும் இருப்பது நம் பாணின் கூடப்பிறந்த சொல். வங்காளத்தில் ‘பாவுருட்டி’: போர்த்துக்கேயப் பாணோடு தங்கள் ருட்டியை ஒட்டிக்கொண்டார்கள். ரொட்டி ரொட்டி என்று இரண்டு முறை சொன்ன மாதிரி. நாம் ‘நடுச்சென்டர்’ என்கிறோமே, அந்த வகை.

யப்பானில் போர்த்துக்கேயர் முதலில் கரையேறியது 1543இல். அங்கே இன்றைக்கும் பாணுக்குப் ‘பான்’தான். கொரியாவில் ‘ப்பாங்’, அது யப்பான் வழியாகப் போனது. எங்கள் வகுப்பில் ஒரு பையனின் அண்ணன் கொரியாவில் வேலை செய்கிறார். பையன் அன்றிரவே வட்ஸ்அப்பில் கேட்டிருக்கிறான். “ஓம், கடையில ப்பாங் எண்டுதான் சொல்லுவாங்க. இவ்வளவு நாளும் அது நம்மட பாண் எண்டு யோசிக்கவேயில்ல” என்று அண்ணன் குரல் பதிவு அனுப்பியிருந்தார். அடுத்த சனிக்கிழமை அதை எல்லாருக்கும் போட்டுக் காட்டினான். கல்லடிக்கும் சியோலுக்கும் நடுவில் ஒரு பழைய கப்பல் போய்வந்த தடம் அந்தக் குரலில் இருந்தது.

பிலிப்பைன்ஸில் காலையில் தின்னும் சின்னப் பணிஸுக்குப் ‘பான் டெ சால்’. ‘உப்புப் பாண்’ என்று பொருள். இங்கே கவனம். அதைக் கொண்டுபோனது போர்த்துக்கேயர் அல்ல, ஸ்பானியர். ஸ்பானியத்திலும் ‘பான்’, இத்தாலியத்தில் ‘பானே’, பிரெஞ்சில் மூக்கால் ஒலிக்கும் ‘பேங்’. எல்லாம் ஒரு தாயின் பிள்ளைகள். வேர் ஒன்று, வந்த கப்பல் வேறு. உங்கள் குறிப்பில் வேரையும் வழியையும் தனித்தனியாக எழுதுங்கள். பலர் இரண்டையும் குழப்புகிறார்கள்.

பொய்யான உறவினரும் இந்தப் படியில்தான் தலைகாட்டுவார்கள். வியட்நாமில் பாணுக்குப் ‘பான் மீ’ என்கிறார்கள். பிரெஞ்சுக்காரர் ஆண்ட நாடு, ஆகவே ‘பான்’ என்பது பிரெஞ்சுச் சொல் என்று நிறையப் பேர் எழுதுகிறார்கள். ஆனால் வியட்நாமியர் அரிசி மாவில் செய்யும் பலகாரங்களுக்குப் ‘பான்’ என்ற சொல்லைப் பிரெஞ்சுக்காரர் வருவதற்கு எவ்வளவோ முன்பிருந்தே சொல்லிவந்தார்கள். அது சீன வழியில் வந்த சொல். ‘மீ’ என்றால் கோதுமை. ஒலியும் பொருளும் ஆட்சியும் எல்லாம் பொருந்தியிருந்தும் உறவு இல்லை! காலத்தைப் பார்த்தால்தான் இது பிடிபடும்.

இன்னொரு வகை, கதை கட்டுவது. மும்பைப் பக்கம் ‘பாவ்’ என்றால் கால் பங்கு. நான்கு துண்டாக ஒட்டி வருவதால் பாவ் என்று பெயர் என்பார்கள். வேறு சிலர், பாதத்தால் மாவை மிதித்துப் பிசைந்ததால் ‘பாவ்’ என்பார்கள். இரண்டும் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் கொழும்பிலும் யப்பானிலும் அதே சொல் இருப்பதை அந்தக் கதைகளால் விளக்க முடியாது. ஒரு கரைக்கு மட்டும் பொருந்துகிற விளக்கத்தை நம்பாதீர்கள்.

ஏழாம் படி: வேருக்குக் கீழே இறங்குங்கள்

போர்த்துக்கேயத்துக்கு அடியில் இலத்தீன். அங்கே பாணுக்குப் ‘பானிஸ்’. வாக்கியத்தில் செயப்படுபொருளாக வந்தால் ‘பானெம்’. கடைசி ஒலிகள் தேய்ந்து, ‘ன்’ மூக்கோசையாகக் கரைந்து போர்த்துக்கேயச் சொல் ஆனது. கரைந்த அந்த மெல்லொலியைத் தமிழர் வாய் மறுபடியும் ஒரு மெய்யாகக் கட்டிவைத்தது எனக்குப் பெரிய மகிழ்ச்சி தரும் விஷயம்.

இலத்தீன் பானிஸுக்கு இன்னும் பிள்ளைகள் உண்டு. ‘கொம்’ என்றால் கூட. ஒரே பாணைக் கூட இருந்து தின்பவன் ‘கொம்பானியோ’, அதாவது தோழன். தோழர்கள் சேர்ந்த கூட்டம் பிரெஞ்சு, ஆங்கிலம் வழியாகக் ‘கொம்பனி’ ஆனது. ஆக, கொழும்பில் ‘கொம்பனித்தெரு’ என்று ஒரு இடம் இருக்கிறதே, அந்தப் பெயருக்குள் பாண் ஒளிந்திருக்கிறது. நம் ஊர்ப் பிள்ளைகள் ‘கொம்பனி வேலை’ தேடிப் போவதும் சொல்லின் அடியில் பார்த்தால் பாணைத் தேடிப் போவதுதான்.

அதற்கும் கீழே போனால், ‘பானிஸ்’ என்பது மேய்த்தல், ஊட்டுதல் என்ற பொருளுள்ள பழைய வேரிலிருந்து வந்ததென்று சொற்பிறப்பியல் அகராதிகள் காட்டும். மேய்ப்பனுக்கு இலத்தீனில் ‘பாஸ்டர்’. ஞாயிற்றுக்கிழமை சபையில் நிற்கிற பாஸ்டரும் மேசையில் இருக்கிற பாணும் ஒரே வேர்.

எட்டாம் படி: அதே பொருளை மற்றவர்கள் என்ன சொல்லால் கண்டார்கள்?

சொல்லின் பயணம் முடிந்ததும் பொருளின் பக்கம் திரும்புங்கள். பழைய ஆங்கிலத்தில் பாணுக்கு ‘ஹ்லாஃப்’. பாணைக் காப்பவன் ‘ஹ்லாஃப்வேர்ட்’. அது தேய்ந்துதான் ‘லோர்ட்’ ஆனது. மா பிசைபவள் என்ற பொருளுள்ள சொல் ‘லேடி’ ஆனது.

எபிரேயத்தில் ‘லெஹெம்’ என்றால் பாண். பெத்லகேம் என்றால் பாண் வீடு. அதே வேர்ச்சொல் அரபியில் ‘லஹ்ம்’. அங்கே பொருள் இறைச்சி. அடிப்படை உணவு எதுவோ அதன்மேல் சொல் போய் ஒட்டிக்கொள்ளும். அரபியில் பாணுக்கு வேறு சொல், ‘ஹுப்ஸ்’. மத்திய கிழக்கில் வீட்டுவேலைக்குப் போய்த் திரும்பிய நம் பெண்கள் ‘குபூஸ்’ என்று சொல்வது அதைத்தான். எகிப்தியரோ பாணை ‘ஐஷ்’ என்பார்கள்; அதன் பொருள் வாழ்வு.

தமிழ் வேதாகமத்தைத் திறந்தால் ‘ஜீவ அப்பம்’ என்று இருக்கும். பாண் என்று எழுதவில்லை. தமிழ்நாட்டிலும் விளங்க வேண்டுமே. ஆனால் இலங்கையில் அப்பம் என்றால் தாச்சியில் சுடும் வேறொரு பண்டம். ஆகவே நம் பிள்ளைகள் அந்த வசனத்தைப் படிக்கும்போது மனதில் எழுவது ஓரம் மொறுமொறுவென்ற வெள்ளை அப்பம். அதில் எந்தக் குறையும் இல்லை, எனக்கு அது அழகாகவே படுகிறது.

‘வெதுப்பகம்’, ‘வெதுப்பி’ என்று தமிழில் ஆக்கிய சொற்களும் உண்டு. வெதுப்புதல் என்றால் இதமாகச் சூடாக்குதல்; பொருத்தமான ஆக்கம். பெயர்ப்பலகையில் வெதுப்பகம் என்று எழுதுவதை நான் விரும்புகிறேன். அதற்காகப் பாணை அந்நியம் என்று தள்ளிவிட வேண்டும் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. என் அம்மம்மா எழுபதுகளில் பாணுக்கு வரிசையில் நின்ற கதையைச் சொல்லும்போது அந்தச் சொல்லில் போர்த்துக்கேயம் எதுவும் இல்லை. பசி இருந்தது, பொழுது விடிந்துகொண்டிருந்தது.

ஒன்பதாம் படி: பக்கத்துச் சொல்லையும் விடாதீர்கள்

கொப்பியில் ‘றாத்தல்’ காத்துக்கொண்டிருக்கிறது. 453 கிராம் சொச்சம், அதாவது ஒரு பவுண்டு நிறை. கிராம் கணக்கு வந்து எவ்வளவு காலம்! இறைச்சியும் சீனியும் கிலோவுக்கு மாறிவிட்டன; பாண் மட்டும் றாத்தலிலேயே நிற்கிறது. சொல் அரபி ‘ரத்ல்’. போர்த்துக்கேயரும் அதே சொல்லை அரபியரிடம் வாங்கி ‘அர்ராடெல்’ என்று வைத்திருந்தார்கள். அரபியருக்கோ அது அரமேய மொழி வழியாகக் கிரேக்கத்திலிருந்து வந்தது. கிரேக்கத்தில் ‘லித்ரா’ ஒரு நிறையளவு. பால் வாங்கும் ‘லீற்றர்’ அதே லித்ராவின் இன்னொரு பிள்ளை.

அப்படியானால் ‘ஒரு றாத்தல் பாண்’ என்று கடையில் கேட்கும்போது வாயில் இருப்பது: ஒரு தமிழ் எண், ஒரு கிரேக்க நிறை, ஒரு உரோமைச் சாப்பாடு.

பத்தாம் படி: எழுதி வையுங்கள்

ஒரு சொல்லுக்கு ஒரு பக்கம் போதும். நாங்கள் எழுதியது இப்படி: ‘பாண். கேட்ட இடம்: காத்தான்குடி, கல்லடி. பொருள்: புளிக்கவைத்துச் சுட்ட கோதுமை மா. வேர்: இலத்தீன் பானிஸ். வழி: போர்த்துக்கேயம், 16, 17ஆம் நூற்றாண்டு. ஒலிச் சான்று: பொத்தான், கப்பித்தான், ஏலம். உறவினர்: சிங்களம் பான், கொங்கணி பாவ், யப்பான் பான், கொரியா ப்பாங். உறவில்லாதவர்: பாணர் பாண், வெற்றிலைப் பான், பானம், பாணம், வியட்நாம் பான்.’ உறவில்லாதவர் வரியைக் கட்டாயம் எழுதுங்கள். அடுத்து வருகிறவருக்கு அது பல நாள் வேலையை மிச்சமாக்கும்.

கேள்வி கேட்ட மாணவி இப்போது நாற்காலியைக் குறிக்கும் ‘கதிரை’யை எடுத்திருக்கிறாள். அதைத் தேட விரும்புகிறவர்களுக்கு ஒரு துப்புத் தருகிறேன்: புளியந்தீவில் இருக்கும் மரியாள் பேராலயத்துக்கு ஆங்கிலத்தில் என்ன பெயர் என்று பாருங்கள், பிறகு அந்தக் கட்டடத்துக்குள் ஆயர் எதில் உட்காருகிறார் என்று கேளுங்கள்.